கல் மாறுகிற இடம்

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஹைடெகாம்ப் ரயில் நிலையத்துக்கு 2006இல் நூறு வயது. ஜெர்மனியின் வுப்பர்டால் நகருக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலையில் ஏறி மாலையில் இறங்குகிற சின்ன நிலையம் அது. ஊர் வரலாற்றுக் குழுவை நடத்துகிற கெஸ்லர் அம்மையார், விழா மலருக்கு “உங்கள் ஆட்களைப் பற்றியும் ஒரு பக்கம்” கேட்டார். ஒரு பக்கம்தானே என்று தலையாட்டினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

முதல் வரி இப்படி இருந்தது: “காலத்தின் சாட்சியாய் நெடிதுயர்ந்து நிற்கும் அந்த நிலையம்…” (அடித்துவிட்டேன். அங்கே எதுவும் நெடிதுயர்ந்து நிற்கவில்லை. ஒரு தகரக் கூரை, உட்கார இரண்டு வாங்கு, அவ்வளவுதான்.)

இரண்டாவது: “நிலக்கரி ஏற்றுவதற்காகத் திறக்கப்பட்டு, பின்னர்…” (இதைக் கெஸ்லர் அம்மையாரே எழுதுவார். எனக்கு என்ன வேலை?)

அதன் பிறகுதான் கலாதேவி அக்காவிடம் போனேன்.

2.

அக்காவுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. இன்றும் ஹைடெகாம்பில்தான் ரயில் மாறுகிறார். எண்பதுகளில் அவரும் அண்ணன் ஸ்ரீதரனும் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தபோது, இருவரையும் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில் போட்டார்கள். தஞ்சம் கேட்டவர் அனுமதியில்லாமல் தன் மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. சட்டம் அப்படி.

நம்மவர்கள் அதற்கும் ஒரு வழி கண்டார்கள். ஹைடெகாம்ப் மேடையின் ஒரு பாதி பழைய கருங்கல், மறு பாதி சீமெந்து. கல் மாறுகிற இடம்தான் மாவட்ட எல்லை என்று யாரோ சொன்னார், எல்லோரும் நம்பினார்கள். ஞாயிறுதோறும் கல்லில் ஒரு கூட்டம், சீமெந்தில் ஒரு கூட்டம். நடுவே இடியப்பமும் ஊர்ப் புதினமும் கைமாறும். ஒரு பெண் பார்க்கும் சடங்குகூட நடந்ததாம்: மாப்பிள்ளை கல்லில், பெண் சீமெந்தில். (தேநீர்க் கோப்பை மட்டும் எல்லை தாண்டியது. இந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமை.)

பகிடியை இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது.

3.

“அண்ணை கல்லில கதைச்சுக்கொண்டு நிண்டவர், தம்பி. அப்பிடியே விழுந்திட்டார். வலிப்பு.”

“நீங்கள்?”

“நான் சீமெந்தில நிண்டு கத்தினன். முந்தி ஒருக்கா மாவட்டம் தாண்டினனெண்டு பொலிஸ் என்னைப் பிடிச்சு எழுதிப்போட்டாங்கள். திரும்பவும் பிடிச்சா அகதிக் கேஸே போயிடும் எண்டு எல்லாரும் வெருட்டி வச்சிருந்தவை. அண்டைக்கு மழை, எங்கட ஆக்கள் வேற ஒருத்தரும் வரேல்ல. ஒரு ஜேர்மன்காரர் படியால ஓடி வந்து பாக்கேக்க எல்லாம் முடிஞ்சுது.”

அக்கா ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தார்.

“பிறகு வேலையிடத்தில முதலுதவி வகுப்பு வச்சவை. ஆளைச் சரிச்சுக் கிடத்தி விட்டாலே காணுமாம், உயிர் தப்புமாம். சட்டம் விடேல்ல, தம்பி. அதை மட்டும் வடிவா எழுதுங்கோ.”

4.

எழுதினேன். ஆனால் எழுதுகிறவனின் கை சும்மா இருக்காதே. என் முதல் பிரதியில் அக்கா எல்லையைத் தாண்டி ஓடினார், அண்ணனின் தலையை மடியில் தாங்கினார். தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

“உந்த வரியை எடுத்து விடுங்கோ.” குரல் கடுமையாக இருந்தது. “போக ஏலுமெண்டா நான் போயிருப்பன். ஏலாமல்தான் நிண்டனான். அதை நினைச்சுத்தான் இவ்வளவு காலமும் நித்திரை கொள்ளுறன்.”

எடுத்து விட்டேன்.

5.

திருத்திய பிரதியைக் கெஸ்லர் அம்மையாருக்கு ஜெர்மனில் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“எல்லையா? மேடையிலா? அது நிலையத்துக்குக் கிழக்கே, ஓடையில் அல்லவா இருக்கிறது! நீளமான ரயில்கள் வரத் தொடங்கியபோது மேடையை நீட்டினார்கள். கல் விலை அதிகம், சீமெந்து போட்டார்கள். அவ்வளவுதான்.”

“அப்படியானால் மேடை எந்த மாவட்டம்?”

மேடை முழுவதும் அண்ணனின் மாவட்டம். அக்காவின் ரயில் கிழக்கேயிருந்து வரும். ஒவ்வொரு ஞாயிறும் ஓடையைக் கடந்தபோதே அவர் சட்டத்தை மீறியிருந்தார். கல்லில் கால் வைத்திருந்தால் குற்றம் ஒரு அணுவும் கூடியிருக்காது.

“சுவாரசியமான தவறு. இதையே எழுதுங்கள்” என்றார் அம்மையார். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. மிச்சம் பிடித்துச் சீமெந்து போட்ட யாரோ ஒருவர்மேல். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் கிடந்தேன்.

6.

இனி முடிவுகள்.

ஒன்று: எல்லை கல் மாறுகிற இடத்தில்தான் என்று எழுதிவிடலாம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

இன்னொன்று: உண்மையை எழுதி, “இருந்தாலும் குற்றவாளி சட்டமே, அக்கா அல்ல” என்று சேர்க்கலாம். அதுவும் சரிதான். ஆனால் நித்திரையில்லாமல் புரளப் போவது சட்டம் அல்ல.

மூன்றாவதாக, அக்கா பல காலம் கழித்து அந்த மேடையில்… (வேண்டாம். ஒருமுறை எடுத்து விடச் சொன்னது போதும்.)

7.

நேற்று அக்கா வீட்டில் மூன்றாம் பகுதி வரை வாசித்தேன். கேட்டு முடித்துக் கண்ணைத் துடைத்தார். “உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறீங்கள்” என்றார். பிறகு, அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

“அந்த ஜேர்மன் பொம்பிளைக்கு ஸ்டேஷன்ர சரித்திரம் எல்லாம் தெரியுமாமே. எங்கட எல்லையைப் பற்றி ஏதும் சொன்னவவோ?”

நான்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். முடித்தால் ஒன்று நான் பொய்யன், அல்லது அவருடைய நித்திரையைப் பறித்தவன். எனக்குத் தெரிந்தது இப்போது உங்களுக்கும் தெரியும். என்னைவிட நல்ல மனிதராகவும் நீங்கள் இருக்கலாம். அக்கா கேட்டுவிட்டு நிற்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.)