மூடி போட்ட இருக்கை

மருந்துக்கடைக்காரர் கையில் சாக்பீஸோடு என் படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். டிரெய்லர் மேல் நின்ற படகுக்குள் அவர் மனைவி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி எங்காவது தளர்ந்திருந்தால் தண்ணீர் கீழே சொட்டும். சொட்டுகிற இடத்தைச் சுற்றி வட்டம் போட வேண்டும். பழைய அலுமினியப் படகு வாங்கும்போது பார்க்க வேண்டிய பதினோரு விஷயங்களை யாரோ அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். மருந்துச்சீட்டு படித்துப் பழகிய மனுஷன், ஒவ்வொன்றையும் இரண்டு தரம் படித்து, தொட்டுப் பார்த்து, பிறகுதான் டிக் போட்டார்.

"ஒரு சொட்டுகூட இல்லண்ணே" என்று முதுகெல்லாம் மண்ணோடு எழுந்தார்.

சொட்டாது என்று எனக்குத் தெரியும். அந்தப் படகின் குறை ஓட்டையில் இல்லை.

சமையலறை அலமாரி செய்வது என் தொழில். படிக்கட்டுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், எங்கே சும்மா இடம் கிடந்தாலும் ஒரு கதவு வைத்துப் பெட்டியாக்கிவிடுவேன். "உங்கள விட்டா என் வயித்துலயும் ஒரு டிராயர் வெச்சிருவீங்க" என்பாள் என் மனைவி. இந்தப் படகை வாங்கி வந்த அன்றே அதன் மூன்று இருக்கைகளும் என் கண்ணை உறுத்தின. நாலு பக்கமும் தகடு அடித்து மூடியிருந்தார்கள். வெட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்க வெள்ளை வெளேரென்று தெர்மாகோல் கட்டைகள். இவ்வளவு இடத்தையும் தண்டமாக அடைத்து வைத்திருக்கிறார்களே என்று பிடுங்கிக் குப்பையில் போட்டேன். கீல் வைத்து, மூடி போட்டு, மூன்று பெட்டி செய்தேன். தூண்டிலுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. அவள் தன் மூடியில் மீன் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டாள்.

இரண்டு கோடைக்காலம் அதில் போனோம். போன மாதம் மோட்டார் ரிப்பேருக்கு வந்தவர் மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, மெதுவாக மூடினார்.

"இதுக்குள்ள இருந்தது எங்க?"

"குப்பைல போட்டுட்டேன்."

"படகுல தண்ணி ரொம்பிட்டா, முங்காம தாங்கிப் பிடிக்கிறதே அதுதாங்க. அது இல்லன்னா நேரா அடிக்குத்தான் போகும்."

அந்த இருக்கையில்தான் என் மகள் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்ப அடைத்திருக்கலாம், அரை நாள் வேலை. ஆனால் அதைப் பார்க்கப் பார்க்க என் முட்டாள்தனம்தான் தெரிந்தது. விற்றுத் தலைமுழுகிவிட்டால் போதும் என்று இருந்தது.

"ஏங்க, இங்க பாருங்களேன்!" மருந்துக்கடைக்காரரின் மனைவி மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். "பெட்டி மாதிரி தொறக்குது. துணி, தண்ணி பாட்டில், அந்த லைப் ஜாக்கெட்டுகூட இதுக்குள்ள வெச்சுக்கலாம். யாருண்ணா செஞ்சது?"

"நான்தாம்மா."

அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவர்களுடைய சின்னப் பெண் நடு இருக்கையில் ஏறி உட்கார்ந்து குதிகாலால் தட்டிக்கொண்டிருந்தாள். டொம், டொம் என்று வெறும் பெட்டியின் சத்தம்.

"கடைசி ஒண்ணுண்ணே" என்றார் அவர், காகிதத்தைப் பார்த்தபடி. "உள்ள தண்ணி ரொம்பினாலும் மிதக்குமா?"

"அலுமினியம் தம்பி. எடையே கிடையாது."

பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான். மற்ற பத்தையும் தொட்டுப் பார்த்தவர், இந்த ஒன்றுக்கு மட்டும் என் முகத்தைப் பார்த்து டிக் போட்டார்.

டிரெய்லர் தெருமுனை திரும்பியதும் வாசலில் நின்ற என் மனைவி கேட்டாள். "நம்ம பொண்ண இனிமே ஏத்த மாட்டேன்னு சொன்னீங்களே, அந்தப் படகுதான இது?" பதிலுக்குக்கூட நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

நாலு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. பட்டறையில் எந்த அலமாரிக் கதவைச் சாத்தினாலும் அந்த டொம் கேட்டது. ஞாயிறு காலையில் தெர்மாகோல் வாங்கி வந்து அளவுக்கு அறுத்தேன். மூன்று இருக்கையின் அளவும் மனப்பாடமாக இருந்தது. அவருக்கு போன் செய்தால் எடுக்கவில்லை. கடைக்குப் போனேன். குடும்பத்தோடு ஏரிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வண்டியை விரட்டினேன். 'ஒரு சின்ன வேலை பாக்கி தம்பி, இனாமாவே செஞ்சு தரேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் வழியெல்லாம் இன்னொரு பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

கரையில் டிரெய்லர் காலியாக நின்றது. சக்கரங்களில் ஈரம். படகு நடு ஏரியில் இருந்தது. மூன்று பேர் தெரிந்தார்கள், சிவப்புச் சட்டை, நீலச் சேலை, மஞ்சள் கவுன். லைப் ஜாக்கெட் ஒருவர் மேலும் இல்லை. அது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஏரிக்குள் நீண்டிருந்த மரப்பாலத்தின் நுனி வரை ஓடினேன். ஒரு கையில் தெர்மாகோல் கட்டையைப் பிடித்துக்கொண்டு மற்ற கையைத் தலைக்கு மேலே ஆட்டினேன். "திரும்பி வாங்க! திரும்பி வாங்க தம்பி!" எதிர்காற்று. என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். சிவப்புக் கை உயர்ந்து ஆடியது. பிறகு அவர் மனைவியின் கை. தான் மட்டும் தெரியாமல் போய்விடுவோம் என்று நினைத்தாளோ என்னவோ, குழந்தை நடு இருக்கையில் ஏறினாள். என் மூடியின் மேல் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

நான் சட்டென்று கையை இறக்கினேன். நான் நிறுத்தினால் அவளும் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் இன்னும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.