காயாத சிலிகான்

டீச்சரம்மாவுக்கு பாத்டப் மீது அப்படியொன்றும் ஆசை கிடையாது. நாற்பது வருடம் வாளியும் குவளையுமாகக் குளித்துப் பழகிய உடம்பு. ஓய்வு பெற்று, ஒரே மகளும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்ட பிறகு வீட்டில் பேச்சுக்குரலே அற்றுப்போயிற்று. குளியலறையை இடித்து, பாத்டப் வைத்துக் கட்டினால் பத்து நாளாவது ஆள் நடமாட்டம் இருக்கும் என்று நினைத்தாள். அதைப் பதினெட்டு நாள் இழுத்தடித்தாள். டைல்ஸ் நிறத்தை இரண்டு முறை மாற்றினாள். குழாயைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, பிறகு நடுவில் வைத்தால் என்ன என்றாள். பிளம்பரும் முகம் சுளிக்காமல், கொடுத்த டீயைக் குடித்துவிட்டுச் சொன்னபடி செய்தான்.

கடைசி நாள் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தான்.

"இப்பவே எதுக்குத் தம்பி தண்ணி?"

"வெறும் தொட்டியில ஓரத்துக்கு சிலிகான் பசை அடிச்சா, நீங்க இறங்கின அன்னிக்கே பாரம் தாங்காம பிச்சுக்கும், டீச்சரம்மா. தண்ணி இருந்தா தொட்டி அழுந்தி உக்காரும். சுவரோரம் எவ்வளவு இடைவெளி விடுதுன்னு தெரியும். அதுல அடிக்கணும். காலையில காஞ்சிடும்."

"காலையில வந்து பாப்பீங்கல்ல?"

"எதுக்கு? அடைப்பை நீங்களே எடுத்துவிட்டா தண்ணி போயிடும். அவ்வளவுதான், வேலை முடிஞ்சது."

அவளுக்குச் சுருக்கென்றது. அவன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலை இரண்டு டம்ளர் டீ போட்ட பிறகுதான் அவன் வரமாட்டான் என்று நினைவு வந்தது. ஒன்று ஆடை கட்டி ஆறிப்போயிற்று. போனை எடுத்தாள்.

"தம்பி, சிலிகான் இன்னும் காயலை."

"விரலை வச்சுப் பாத்தீங்களா?"

வைத்துப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது. விரலில் துளிகூட ஒட்டவில்லை.

"பிசுபிசுன்னு இருக்கு."

அந்தப் பக்கம் டிரில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை நிறுத்தினான்.

"அது ராத்திரியோட காஞ்சிடுமே, டீச்சரம்மா."

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. எத்தனையோ பிள்ளைகளின் பொய்யை வகுப்பில் கையும் களவுமாகப் பிடித்தவள், இப்படியா மாட்டிக்கொள்வது?

"சரி, தண்ணியைத் திறந்துவிடாதீங்க," என்றான் அவன் மெதுவாக. "நாளைக்கு இதே நேரத்துக்கு நானே கூப்பிட்டுக் கேக்குறேன், காஞ்சுதான்னு."

போனை வைத்துவிட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். நாளைக்கும் காயவில்லை என்றால் அதற்கு மறுநாளும் கூப்பிடுவானா? யோசிக்கவே வெட்கமாக இருந்தது.

அன்றைக்கும் அவள் வாளித் தண்ணீரில்தான் குளித்தாள்.