நேர்ந்துவிட்ட பிள்ளை

மகள் கோயிலுக்குப் போகாமல் இருக்கவேண்டும் என்று மாதாவிடமே மன்றாடிய தாய் திரேஸ்புரத்தில் ஒருத்திதான் உண்டு. அவள் விஜிலா.

மற்ற தாய்மாரெல்லாம், பிள்ளைகள் பூசைக்கு வரமாட்டேன் என்கிறார்கள், எந்நேரமும் போனை நோண்டுகிறார்கள் என்று ஒப்பாரி வைத்தார்கள். விஜிலாவின் மகள் டெல்பின் பதினேழு வயதில் விடியற்காலைப் பூசைக்குத் தானாக எழுந்து போனாள். பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தாள். தவக்காலம் நாற்பது நாளும் மீனைக்கூடத் தொடவில்லை. "குடுத்து வச்சவ நீ" என்று யாராவது சொன்னால் விஜிலா பேச்சை மாற்றிவிடுவாள்.

காரணம் இருந்தது. டெல்பின் பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்தது. கணவன் டெரன்ஸ் கப்பலில் எந்தக் கடலில் இருந்தானோ. டாக்டர் கையை விரித்ததும் விஜிலா பனிமய மாதா கோயிலுக்கு ஓடினாள். "பிழைக்க வச்சிரு தாயே, பிள்ளய ஒனக்கே குடுத்துருதேன், கன்னியர் மடத்துல விட்டுருதேன்" என்று நேர்ந்துவிட்டாள். மொட்டை போடுகிறேன் என்றிருக்கலாம், வெள்ளியில் பிள்ளை உருவம் வைக்கிறேன் என்றிருக்கலாம். பாழாய்ப்போன வாயில் அதுதான் வந்தது. மூன்றாம் நாள் பிள்ளை கண் திறந்தது.

இதை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை. ஒற்றைப் பிள்ளையைக் கொடுக்க மனம் வரவில்லை. கொடுக்காவிட்டால் மாதாவே எடுத்துக்கொள்வாளோ என்ற பயமும் விடவில்லை. தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். "வயசுப் பிள்ள, ரீல்ஸ் பாக்கக் கூடாதா?" என்று தானே நெட் பேக் போட்டுக் கொடுத்தாள். அலாரத்தை அணைத்து வைத்தாள். மகள் கோயில் மணிக்கே எழுந்து போனாள்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரம் டெல்பின் ஒரு தாளை நீட்டினாள். கன்னியர் மடத்தில் மூன்று நாள் அழைத்தல் முகாம், துறவறத்துக்கு விருப்பமுள்ள பெண்களுக்காக. பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

கையெழுத்துப் போட்டால் பிள்ளை போய்விடும். போடாவிட்டால் மாதாவை ஏமாற்றியதாகும். விஜிலா பேனாவைப் போட்டுவிட்டு அழத் தொடங்கினாள். பதினாறு வருஷம் அடைத்து வைத்ததெல்லாம் அழுகையோடு வெளியே வந்தது.

டெல்பினுக்கு முதலில் சுள்ளென்று கோபம் வந்தது. "கெடாய நேந்து விடுத மாதிரி என்னய நேந்து விட்டீங்களாக்கும்?" என்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பும் வந்துவிட்டது. "நேர்ச்ச நேந்தவங்களத்தாம்மா கட்டும், அடுத்த ஆளக் கட்டாது. மறைக்கல்வி வகுப்புல சாமியார் சொன்னாவ. வேணும்னா நீங்க மடத்துக்குப் போங்க. அப்பா வந்தா நான் சோறு பொங்கிப் போடுதேன்."

"வெளையாடாதளா. ஒனக்கு மடத்துக்குப் போவணும்னு இருக்கா, இல்லயா?"

"இல்லம்மா. முகாம்ல கீபோர்டு வாசிக்க ஆள் வேணும்னு சிஸ்டர் கூப்டாவ. நான் மீன்வளக் காலேஜுக்குல்லா அப்ளிகேஷன் போடப் போறேன்."

"பொறவு எதுக்குளா நித்தம் கோயிலு கோயிலுன்னு ஓடுத?"

"பிடிச்சிருக்கு, போறேன். அங்கன உக்காந்தா மனசு லேசா இருக்கு. நீங்கதான் எப்பப் பாத்தாலும் பயந்து சாவுதீங்க. மாதாவும் பிள்ளயப் பறிகுடுத்தவங்கதான? ஒங்க பிள்ளயப் புடுங்கி வச்சு என்ன செய்யப் போறாவ?"

விவரம் தெரிந்த நாளிலிருந்து ஜெபமாலை உருட்டுகிறவள் விஜிலா. இப்படி ஒரு கேள்வி அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மகளைக் கட்டிக்கொண்டு இன்னொரு பாட்டம் அழுதாள். இந்த அழுகை சுகமாக இருந்தது.

மறுநாள் பங்குச் சாமியாரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். பிள்ளைகளோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் தாய்மாருக்கு மாதம் ஒருநாள் சோறு கொண்டுபோகும்படி அவர் நேர்ச்சையை மாற்றிக் கொடுத்தார். "இவ்வளவுதானா சாமி?" என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அவர் இவ்வளவுதான் என்றார்.

சாயங்காலம் தாயும் மகளும் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தார்கள். எதற்காக வேண்டுகிறோம் என்று முதலில் ஒரு கருத்தைச் சொல்வது வழக்கம். "இன்னிக்கி எந்தக் கருத்துக்காக ஒப்புக்குடுக்கணும்மா?" என்று டெல்பின் கேட்டாள். விஜிலா யோசித்து யோசித்துப் பார்த்தாள். கேட்பதற்கு ஒன்றும் இல்லை, பயப்படுவதற்கும் ஒன்றும் இல்லை.

"ஒரு கருத்தும் இல்லளா," என்றாள். "சும்மா சொல்லுவோம்."