அப்பாவைச் சாகடித்த கம்பெனி

எங்கள் சின்னவளுக்குப் பிறவியிலேயே கரகரத்த தொண்டை. உச்சத்துக்குப் போகும்போது குரல் ஓரிடத்தில் உடையும். உடைந்த இடத்திலிருந்து வேறொரு குரல் கிளம்பும். அதைக் கேட்டுத்தான் அந்தப் பெரிய இசைக் கம்பெனி அவளைத் தேடி வந்தது. வந்தவர்கள் செய்த முதல் வேலை, அந்த உடைசலைக் கம்ப்யூட்டரில் போட்டு இஸ்திரி போட்டதுதான்.

நான் அவளுக்கு அக்கா. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன். பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்துப் போடப் போனபோது துணைக்குப் போனேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத மூட்டை நாற்காலிகள். சுவரில் ஒரு கிட்டார். சின்னவள் ஆசையாக எடுத்து மீட்டினாள். ஆறு தந்தியும் ஆறு திசையில் ஊளையிட்டன.

"அது சும்மா அழகுக்கு, அதை விடுங்க" என்றார் அவளைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்டிருந்த மேலாளர். ஆள் வருவதற்கு முன்னால் அவர் பூசிய சென்ட் வந்துவிடும். எங்கள் வீட்டில் அவருக்கு 'வாசனை' என்றே பெயர் விழுந்தது. பாட்டுக் கம்பெனியில் சுருதி சேர்க்காத கிட்டாரை மாட்டி வைத்திருக்கிறார்களே, அப்போதே நான் இவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்க வேண்டாமா? என்னவோ, அங்கே கொடுத்த காபி நன்றாக இருந்தது.

முதல் பாட்டுத் தொகுப்பு வந்தது. கடைகளில், பஸ்ஸில், பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் எல்லாம் ஓடியது. அம்மா ஒருநாள் கடையிலிருந்து வந்து, "யாரோ ஒரு பொண்ணு பாடறா, தொண்டையில எண்ணெய் ஊத்தின மாதிரி வழுக்கிட்டே போகுது" என்றாள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டோம். பிறகுதான் அந்தப் பேட்டி வந்தது.

எங்கள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாரப் பத்திரிகை எதையும் படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ஒருநாள் காலையில் வேலைக்குப் போனவரைப் பார்த்து ஸ்டோர் கீப்பர் பேயைப் பார்த்தவர்போல எழுந்து நின்றிருக்கிறார். வேறு கிளையிலிருந்து ஒரு மலர் வளையம் வேறு வந்திருந்தது. 'ஆழ்ந்த அனுதாபங்களுடன்' என்று ரிப்பனில் அச்சடித்து, அப்பா பெயரும் போட்டிருந்தது. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நல்ல பூ. வீணாப் போக வேணாம்னு எடுத்துட்டு வந்தேன்" என்று மேசைமேல் வைத்தார்.

கூடவே பத்திரிகையையும் வைத்தார். சின்னவளின் பெரிய படம். தந்தையை இழந்தாள். அந்த வலிதான் குரலாக மாறியது. ஒவ்வொரு பாட்டும் அவருக்குச் செலுத்தும் கண்ணீர். எந்த வலி? இவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்துத் தன் முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவர் அந்த மனுஷன்.

அம்மா வாய்விட்டுப் படித்தாள். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம என்னை விதவையாக்கினது யாருடி?"

சின்னவள் மென்று விழுங்கினாள். "வாசனை சார்தான். சின்ன வயசுல ஏதாவது சோகம் இருக்கான்னு கேட்டார். அப்பா அடிக்கடி வெளியூர் வேலைக்குப் போவார், தேடுவேன்னு சொன்னேன். அதை அவங்க கொஞ்சம்..."

"கொஞ்சமா? ஆளையே கொன்னுட்டாங்க!"

"அச்சாகறதுக்கு முன்னாடி உனக்குக் காட்டினாங்களா?" என்று கேட்டேன்.

அவள் பத்திரிகையை மடித்து ஓரமாக வைத்தாள். காட்டியிருக்கிறார்கள். இவளும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். கம்பெனிக்காரர்களுக்கு வெட்கம் இல்லை என்பது தெரிந்த விஷயம். எங்கள் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவளுக்கும் இல்லாமல் போனதுதான் எனக்கு எரிந்தது. அப்பா பாட்டுக்கு வளையத்திலிருந்து நல்ல பூக்களைப் பிரித்து ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் இரண்டாவது தொகுப்பின் அறிவிப்பு விழா. அப்பாவை நான்தான் வம்படியாக அழைத்துப் போனேன். வாசலிலேயே வாசனை எங்களை மடக்கினார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. பத்திரிகைக்காரங்க இருக்காங்க. யாராவது கேட்டா சித்தப்பான்னு சொல்லிடுங்க. ஒரு நாள்தானே!"

"அதாவது செத்துப்போன எனக்கு நானே தம்பி?" என்றார் அப்பா.

"கரெக்ட்!" என்றார் அந்தப் பிரகஸ்பதி. கிண்டல்கூடப் புரியவில்லை.

சின்னவள் ஒப்பனை அறையிலிருந்து வெளியே வந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எங்களுக்குத் தெரியாது. மேடையில் ஏறினாள். பின்னணி இசை ஆரம்பித்தது. அவள் பாடவில்லை. இசை தானாக ஓடி, இவள் பாட வேண்டிய இடத்தில் இவள் குரலும் ஒலிபெருக்கியில் தானாகவே பாட ஆரம்பித்தது. வாயை மூடிக்கொண்டு அவள் நிற்க, பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் சிரித்தது. யாரோ ஓடிப்போய் நிறுத்தினார்கள்.

"மூணாவது வரிசையில நீலச் சட்டை போட்டு உக்காந்திருக்கிறவர் எங்க அப்பா" என்றாள் சின்னவள். "அவர் சாகலை. சாகடிச்சதுக்கு நானும் கூட நின்னேன். அப்பா, மன்னிச்சிருங்க."

அப்பா எழுந்து சுற்றிலும் பார்த்து ஒரு வணக்கம் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அவருக்குக் கூச்சம்.

கம்பெனி அவளைத் திட்டவில்லை, துரத்தவும் இல்லை. துரத்தியிருந்தால் பிழைத்திருப்பாள். இரண்டாவது தொகுப்பைக் கிடப்பில் போட்டது. ஒப்பந்தம் முடியும்வரை வேறெங்கும் வாயைத் திறக்கக் கூடாது என்றது. கால்நடை மருத்துவமனையில் போன் எடுக்கும் வேலைக்குப் போனாள். பூனைக்குப் பேதி என்று அழுபவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே பாட்டு எழுதினாள். ஒருவழியாகக் கம்பெனி அவளை விட்டுத் தொலைத்தபோது பழைய பாட்டுகளையும், மேடைக்கென்று வைத்திருந்த பெயரையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். புதுப் பெயருக்கு யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை; சின்னவள் என்றே போட்டுக்கொண்டாள்.

புதுப் பாட்டுகளை என் வீட்டுத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்துதான் பதிவு செய்தாள். எதிரொலி வராமல் இருக்கச் சுற்றிலும் என் கணவரின் கோட்டுகள், கதவில் மெத்தை. மேல்வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் ஓடினால் பதிவை நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் ஓட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதற்கு மேல்வீட்டுக்காரி, "பாடறதுக்காக அழுக்குத் துணியோட இருக்க முடியுமா?" என்றாள். நியாயம்தானே. ஒரு பாட்டில் அந்த இயந்திரத்தின் உறுமல் அப்படியே இருக்கிறது.

வெளியானதும் 'சுயாதீன இசை' என்று பேசித் திரிகிற கூட்டம் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. சின்னவளை நடுவில் உட்கார வைத்து 'எதிர்ப்பின் குரல்' என்று நான்கு பேர் மாறி மாறிப் பேசினார்கள். ஒருவருக்கும் ஒரு பாட்டின் முதல் வரிகூடத் தெரியவில்லை. கம்பெனிக்காரன் வலியை விற்றான். இவர்கள் அதே வலியை இலவசமாகக் கேட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். மறுமுறை கூப்பிட்டபோது பூனைக்கு ஊசி போட வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

பாட்டுகள் மெதுவாகப் பரவின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா வீட்டில் எல்லோரும் இருந்தபோது வாசல் மணி அடித்தது. அப்பா கதவைத் திறந்தார். முதலில் சென்ட் வந்தது.

"அவங்க இருக்காங்களா? நீங்க... வீட்டு வேலைக்கு இருக்கீங்களா ஐயா?"

அப்பா உள்ளே திரும்பி, "உன்னைத் தேடி யாரோ" என்று மட்டும் சொன்னார்.

வாசனையைக் கம்பெனி வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாம். "நானும் இப்ப உங்களை மாதிரி சுதந்திரமான ஆளுதான்" என்று ஆரம்பித்தார். "எனக்கு எப்பவுமே உங்க கரகரப்பு மேல நம்பிக்கை உண்டு. ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கேன். இறந்துட்டாருன்னு நெனைச்ச அப்பா திரும்பி வர்றார். மகள் பாடுறா. ஜனம் அழுதே தீரணும். அவர் எங்க இருக்கார்? ஒரு போட்டோ கிடைக்குமா?"

சின்னவள் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. ஒட்டடையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர்தான் சார். போகும்போதும் அவரே திறந்துவிடுவார்."

அவர் போன பிறகும் சென்ட் போகவில்லை. அம்மா ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தாள்.

இப்போது சின்னவள் ஒரு நூலகத்தின் மாடியில் பாடுகிறாள். நாற்காலிகளை அவளே போட்டு அவளே மடிக்கிறாள். மருத்துவமனை வேலையை விடவில்லை. போன வாரம் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் நடுப்பாட்டில் எழுந்து, "இந்த வரி சரியாக் காதுல விழலம்மா, திரும்பப் பாடு" என்றார். நான் முறைத்தேன். அவள் கிட்டாரை நிறுத்தி, அந்த வரியை அவருக்காக மெதுவாகப் பாடினாள். "இப்ப புரியுதா?" என்று கேட்டாள்.

"புரியுது, ஆனா பிடிக்கலை" என்றார் அவர்.

"சரி, அடுத்த வரியைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு மேலே பாடினாள்.