ரெய்மார்ட்டின் முதல் படம்

பிலிப்பைன்ஸில் எங்கள் ஓர்மோக் ஊரில் கேக்கின் மேல் முகம் இல்லாவிட்டால் அது பிறந்தநாளே இல்லை. அந்த முகங்களை அச்சடித்து ஒட்டுகிறவள் நான்தான், மரிவிக். மங்கலான படத்தைக் கொண்டுவந்தால், "இது உன் மகளா, பேயா?" என்று கேட்டுவிடுவேன். என் வாய் அப்படி. ஆனாலும் என்னிடம்தான் வருவார்கள். கறுத்த பிள்ளையைச் சிவப்பாக்குவேன். துபாயில் இருக்கிற அப்பனைக் குடும்பத்துக்கு நடுவில் நிற்க வைப்பேன்.

ஜோவிலினிடம் மட்டும் என் வாய் அடங்கியே இருந்தது. சந்தையில் மீன் விற்கிறவள். அவளுடைய ஒரே மகன் ரெய்மார்ட் மூன்று வயதில் டெங்குவில் போய்விட்டான். அந்த வருஷம் அவனுடைய நாலாவது பிறந்தநாளுக்கு ஒரு காகிதப் படத்தைக் கொண்டுவந்தாள். அதைக் கணினியில் ஏற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். தின்னக்கூடிய சர்க்கரைத் தாளில் அச்சடித்து, கிரீம் மேல் சுருக்கம் விழாமல் ஒட்டினேன். கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். ஓரத்தையெல்லாம் தின்றார்கள், முகத்தில் கத்தி வைக்க யாருக்கும் மனம் வரவில்லையாம்.

அடுத்த வருஷம் வந்தாள். "அக்கா, இப்ப அவனுக்கு அஞ்சு வயசு. அஞ்சு வயசுப் பையனா ஆக்கித் தர்றியா?"

கணினியில் அந்தப் படத்தைத் திறந்தேன். கன்னத்தை வற்றவைத்து, கழுத்தைக் கொஞ்சம் நீட்டினேன். "வளந்துட்டான் பாரு!" என்று சிரித்தாள். அதன்பிறகு வருஷா வருஷம் இதே வேலை. போன வருஷப் படத்தைத் திறப்பேன், ஒரு வயது கூட்டுவேன், அதன் மேலேயே சேமிப்பேன். இப்படியே பத்து வயதாக்கிவிட்டேன். "நமக்குத்தான் பிள்ள இல்ல. உன் கம்ப்யூட்டர்ல ஒருத்தன் வளர்றான்" என்று என் கணவர் செல்சோ கேலி செய்வார்.

இந்த ஜூலையில் வெள்ளம் வந்து ஜோவிலினின் வீட்டை அடித்துப் போயிற்று. நாலாம் நாள் சேற்றுக் காலோடு கடைக்கு வந்தாள்.

"வீடு போனா போகுதுக்கா. ஆல்பமும் போச்சு, போனும் போச்சு. கண்ணு பட்டுடும்னு ஃபேஸ்புக்ல கூட ஏத்தல. சொந்தக்காரங்களையும் கேட்டுட்டேன், ஒருத்தர்கிட்டயும் இல்ல. அந்த மொதப் படம் உன்கிட்ட இருக்குமில்ல?"

"அது எங்கடி போகும்? நாளைக்கு வா, பெருசாவே போட்டுத் தரேன்."

அவள் போன பிறகு திறந்து பார்த்தேன். ஒரே ஒரு படம்தான் இருந்தது, பத்து வயதுப் பையன். ஆறு வருஷமாக அந்தக் குழந்தையை நானே அழித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"உள்ளதச் சொல்லிடு மரிவிக்" என்றார் செல்சோ.

"வாய மூடிட்டுப் போங்க!"

கன்னத்தைத் திரும்ப உப்பவைத்தேன். கழுத்தைக் குறுக்கினேன். மூன்று வயதுக்கு இழுத்துக்கொண்டு வந்து, நல்ல தாளில் அச்சடித்தேன். பாவி, எனக்கே அது திருப்தியாக வேறு இருந்தது.

மறுநாள் ஜோவிலின் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பல்லு எங்கக்கா?"

"என்ன பல்லு?"

"முன்பல்லு ஒண்ணு பாதி ஒடஞ்சிருக்குமே. படகுத்துறைப் படியில விழுந்தானே. மொதப் படத்துல இருந்துச்சே. இது யாரு புள்ளக்கா?"

அழகாக இருக்கட்டும் என்று ஏதோ ஒரு வருஷம் நான்தான் அதைச் சரிசெய்திருப்பேன். இனி மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள், படத்தை முகத்தில் எறிவாள் என்று நின்றேன். அவள் படத்தை மேஜையில் மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள். அதுதான் தாங்கவில்லை.

"ஜோவிலின், கேளுடி. எந்தப் பல்லுன்னு சொல்லு. இப்பவே மாத்திடறேன். எடது பக்கமா, வலது பக்கமா?"

சொல்ல வாயைத் திறந்தாள். தன் பல்லில் இடது பக்கம் விரலை வைத்தாள். பிறகு வலது பக்கம் வைத்தாள். மறுபடியும் இடது. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"தெரியலையேக்கா" என்றாள். "எனக்கே தெரியலையே."