இரண்டு வீட்டுப் படம்

எஸ்றா வாத்தியாருக்கு வயிறு எரிந்தது. சும்மா இல்லை, தகதகவென்று எரிந்தது. எட்டு வருடமாக அவர் தேடிய, பேச்சு வராத அமெரிக்கப் போலீஸ்காரன் நாயகனாக வரும் ஊமை ஷெரீப் படத்தை, பத்தாம் வகுப்பு தாண்டாத ஜெயகணேஷ் கண்டுபிடித்துவிட்டான்.

எஸ்றா ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், மில்லர்புரத்தில் வீடு. ஜெயகணேஷுக்கு முத்தையாபுரத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை. குதிரையும் துப்பாக்கியுமாக வரும் பழைய கௌபாய் படம் என்றால் இருவருக்கும் உயிர். உரிமைக்காலம் முடிந்த படங்களை இலவசமாக வைத்திருக்கும் இணையக் காப்பகங்களில் துழாவி எடுப்பார்கள். அவர்களுக்குள் ஒரே சட்டம்: எந்தப் படமும் இருவரின் இரண்டு வீட்டிலும் இருக்க வேண்டும். உப்புக்காற்று வீசும் ஊரில் எந்த ஹார்ட் டிஸ்க்கை நம்புவது?

"எப்படிப்பா கிடைச்சுது?" என்று சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கேட்டார் எஸ்றா.

"எனக்கு எங்க சார் இங்கிலீஷ் வருது! பேரப் போட்டுத் தேடத் தெரியாதுல்லா. பேரே இல்லாம கெடக்குத படத்தையெல்லாம் ஒண்ணொண்ணா தொறந்து பாத்தேன். மூணாவது மாசம் ஊமையன் குதிரைல வாரான்!"

தலைப்பு, நடிகர், ஆண்டு என்று பிழையில்லாமல் அடித்து அடித்துத் தேடியும், எம்.ஏ. படித்தவர் வெறுங்கையோடு நிற்கிறார். வாளி விற்கிறவன் பல்லைக் காட்டிக்கொண்டு பென் டிரைவை நீட்டுகிறான். வாங்கினால் காலம் பூரா 'நான் குடுத்த படம்' என்பான். அப்படிச் சொல்லிக்காட்டுகிறவன் அல்ல அவன் என்பது எஸ்றாவுக்குத் தெரியும். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இதுவா? போன வருசமே எடுத்துட்டேனே. சொல்ல மறந்துட்டேன்," என்றார்.

ஜெயகணேஷின் முகம் வாடியது. சட்டென்று தேறிக்கொண்டான். "அப்ப ரெண்டு வீட்லயும் ஆச்சு. நல்லதாப் போச்சு சார்." பென் டிரைவில் இருந்ததை அங்கேயே அழித்துவிட்டு, எஸ்றாவின் கணினியிலிருந்து வேறு இரண்டு படங்களை ஏற்றிக்கொண்டு போனான்.

அவன் போனதும் எஸ்றா காப்பகத்தைத் திறந்தார். பெயரில்லாத படங்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அவனைப்போல ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதா என்று ரோஷம் வந்தது. மூடிவிட்டார்.

டிசம்பரில் வெள்ளம் வந்தது. முத்தையாபுரத்தில் வீடுகளுக்குள் இடுப்பளவுத் தண்ணீர். வடிந்த மறுவாரம் ஜெயகணேஷ் வந்து நின்றான்.

"டிஸ்க்கெல்லாம் தண்ணில போச்சு சார்."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எஸ்றாவின் நெஞ்சு குளிர்ந்தது. இனி அவனிடமும் இல்லை.

"காப்பகத்துல ஊமையனத் தேடிப் பாத்தேன். அதுல போட்டவனே நீக்கிட்டான். எனக்குக் கவலையே இல்ல, அதான் ஒங்ககிட்ட இருக்குல்லா. போடுங்க சார், பாப்போம்." தன் வீடு சேறாகக் கிடக்கும்போதும், நாற்காலியை இழுத்துப் போட்டு ஆசையாக உட்கார்ந்தான்.

எஸ்றா கணினியைத் தொடவில்லை.

"எங்கிட்ட இல்லப்பா."

"அழிஞ்சிட்டா?"

"எப்பவுமே இருந்ததில்ல."

ஜெயகணேஷுக்குப் பிடிபடவில்லை. "அப்ப அன்னைக்கு நான் குடுக்கும்போது ஏன் சார் வேண்டாம்னு சொன்னிய?"

வாத்தியார் அவன் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ கண்டுபிடிச்சதுல்லா. அதான்."