புருவத்துத் தழும்பு

அந்த நாசமறுந்த கொம்பியூட்டர் காலமையிலிருந்து ஒரே ஆட்டம். ஒரு படத்தை நகர்த்தினால் பக்கத்திலை திறந்து கிடக்கிற மற்றப் படமும் சேர்ந்து நகருது. ஒண்டைப் பெருப்பிச்சால் மற்றதும் பெருக்குது. ஒண்டிலை வேலை செய்துபோட்டு மற்றதுக்கு வந்தால், விட்ட இடத்திலை அது இல்லை. சாரங்காவுக்கு விசர் பிடிக்காத குறை.

வவுனியாக் கடைத்தெருவிலை ஐயாத்துரையின்ரை ஸ்ரூடியோவுக்குக் கொம்பியூட்டர் வந்து கனகாலமில்லை. கொழும்பிலை போய்ப் பழகிக்கொண்டு வந்த சாரங்காதான் அதுக்கு முன்னாலை இருக்கிறவள். சாரம் உடுத்து நிக்கிற ஆளுக்குக் கோட்டு மாட்டிவிடுறது, பூநகரியிலை அம்பிட்டுப்போன புருசனையும் இஞ்சை நிக்கிற பெண்சாதியையும் ஒரு சோபாவிலை இருத்திவிடுறது, எல்லாம் அவளின்ரை கைவேலை. ஆமி குடுக்கிற பாஸ் இல்லாமல் ஆளை ஆள் பாக்கேலாத காலம், வேலைக்கென்ன குறைச்சல்!

முதல் நாள் பின்னேரம் ராக்காயி வந்தா. மலைநாட்டுத் தோட்டத்திலை கலவரத்துக்குத் தப்பி வந்து, செட்டிகுளம் பக்கம் காடு வெட்டிக் குடியிருக்கிற மனுசி. சேலைத் தலைப்பை அவிழ்த்து ரெண்டு சின்னப் படத்தை மேசையிலை வைச்சா. ரெண்டும் பாஸுக்கு எடுத்த படம், ஒரே அளவு, ஒரே நீலத் திரை.

"இது பெரியவன், பழனியாண்டி. மலேரியாக் காய்ச்சல்ல போய்ட்டான். தெவசம் வருது, பெருசாக்கி மாட்டணும். இது சின்னவன், சதீஸ். பாஸ் புதுப்பிக்கப் போன புள்ள, வீடு வரல. நாளைக்கு வெளிநாட்டுக்காரங்க கவர்மெண்டு கச்சேரிக்கு வராங்களாம், காணாமப் போனவங்க படத்த வாங்குறாங்களாம். அவன் மொகம் நல்லாத் தெரியணும். அந்தத் தழும்பு முக்கியம் புள்ள."

சாரங்கா குனிஞ்சு பார்த்தாள். ரெண்டு பெடியளும் அச்சு அசல் ஒரே முகம். சின்னவனுக்கு மட்டும் இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு வெள்ளைக் கோடு.

"நான்தான் வச்சது," எண்டா ராக்காயி. "பள்ளிக்கூடம் போகாமக் கொளத்துல குதிச்சிட்டு வந்தான்னு அகப்பைய வீசிட்டேன். ரத்தத்தப் பாத்துட்டு நான்தான் அழுதேன், அந்தப் பய சிரிச்சான். அத வச்சித்தான் ஊரே அண்ணன் எது தம்பி எதுன்னு பிரிச்சிப் பாக்கும்."

சின்னவன்ரை படம் மழையிலை நனைஞ்சு கிடந்தது. ஸ்கானர் கண்ணாடியிலை வைச்சு எடுத்துப்போட்டுத் தூக்கினால், ஐயோ, முகம் கண்ணாடியோடை ஒட்டிக்கொண்டு போட்டுது. கையிலை வந்தது வெறும் வெள்ளைக் கடதாசி.

"மெசினுக்குள்ள இருக்குல்ல?" எண்டு ராக்காயி கேட்டா.

"ஓம் அம்மா, அது வடிவா இருக்கு. நீங்கள் பயப்பிடாதேங்கோ."

அண்டைக்கே பிளொப்பியிலை ஒரு பிரதி போட்டுப் பார்த்தாள். படம் பெரிசு, பிளொப்பி கொள்ளேல்லை. கொம்பியூட்டருக்குள்ளேயே வேறை பேரிலை ஒண்டு போட்டு வைச்சிருக்கலாம். பிறகு போடுவம் எண்டு விட்டிட்டாள்.

இப்ப ரெண்டு படமும் திறந்து கிடக்குது. பெரியவன்ரை படத்தைப் பேர்சுக்குள்ளை மடிச்சு வைச்சதாலை, மடிப்பு அவன்ரை இடது புருவத்துக்கு மேலாலை வெள்ளையாய் ஓடுது. அதை அழிச்சுத் தோலை நிரப்ப வேணும். தோலுக்கு எங்கை போறது? தம்பியின்ரை தோல்தானே பொருந்தும் எண்டு, சின்னவன்ரை நெத்தியிலை கொஞ்சம் கொஞ்சமாய்த் தொட்டுத் தொட்டு அண்ணனிலை வைக்கிறாள். அதுதான் ரெண்டையும் திறந்து வைச்சிருக்கிறாள், இந்தச் சனியன் பிடிச்ச ஆட்டத்துக்குள்ளையும்.

ஐயாத்துரை எட்டிப் பார்த்தார். "மவுசுக்குள்ளை ஊத்தையாக்கும் பிள்ளை."

மவுஸைக் கழட்டி, உள்ளை இருந்த குண்டை எடுத்துத் துடைச்சுப் போட்டாள். அதே ஆட்டம். கொம்பியூட்டரை நிப்பாட்டித் திருப்பி எழுப்பினாள். அதே ஆட்டம். வைரஸோ எண்டு தேடினாள், ஒண்டும் இல்லை.

"கோதாரி! எனக்கெண்டு வந்து வாய்ச்சிருக்கு," எண்டு பல்லை நெருமிக்கொண்டு வேலையைத் துவங்கினாள். மத்தியானத்துக்கு ராக்காயி வந்திடுவா, கச்சேரிக்குப் போறதுக்கு.

பெரிசாய்ப் பெருப்பிச்சால் முகம் எங்கை தெரியும்? திரை முழுக்க மண்ணிறம், நடுவிலை ஒரு வெள்ளைக் கோடு. தொட்டாள், வைச்சாள், தொட்டாள், வைச்சாள். கோடு நல்லாய் மறைஞ்சு வந்தது. கரண்ட் எந்த நேரம் போகுமெண்டு தெரியாத ஊர். ரெண்டு தரம் வைக்க ஒருக்கால் சேவ் பண்ணாட்டி அவளின்ரை கைக்குச் சரிவராது. எத்தினை நாள் வேலை கரண்டோடை போய் அழுதிருக்கிறாள்! அந்தப் பழக்கத்திலை கை தன்ரை பாட்டிலை சேவ் குடுத்துக்கொண்டு வந்தது.

கோடு முழுக்க மறைஞ்சிட்டுது. சேவ் குடுத்தாள். "அப்பாடா" எண்டு கதிரையிலை சாய, கரண்ட் போச்சு.

"சேவ் பண்ணினியோ?" எண்டு ஐயாத்துரை உள்ளையிருந்து கத்தினார்.

"ஓம் ஓம், பண்ணீட்டன்!" எண்டு சிரிச்சுக்கொண்டுதான் சொன்னாள்.

ஜெனரேற்றரைப் போட்டு, பெரியவன்ரை படத்தைத் திறந்தாள். மடிப்பு அப்பிடியே கிடக்குது. மற்றதைத் திறந்தாள். சின்னவன்ரை இடது புருவம் ஒரு குறையுமில்லாமல், வழுவழுவெண்டு, அண்ணன்ரை புருவம் மாதிரி இருந்தது. ரெண்டு படமும் சேர்ந்து ஆடின ஆட்டத்திலை, மடிப்பெண்டு நினைச்சு அவள் அழிச்சது தம்பியின்ரை தழும்பை.

தேடாத இடமில்லை. பழையதைத் திருப்பித் தரக்கூடிய எதுவும் அதுக்குள்ளை இல்லை. ஆத்திரத்திலை கீபோட்டைத் தூக்கிக் கவிட்டுத் தட்டினாள். மூலையிலை ஒரு கட்டை மேலை வராமல் அமந்தபடி நிண்டுது. அவள் குடிச்ச தேத்தண்ணி எப்பவோ சிந்தி, சீனி காய்ஞ்சு பிடிச்சிருக்கு. அந்தக் கட்டையை அமத்திக்கொண்டு நகர்த்தினால் திறந்திருக்கிற படமெல்லாம் ஒருமிக்க நகருமெண்டு கொழும்பிலை படிப்பிச்சவர் சொன்னதுதான். ஈரத் துணியாலை துடைச்சாள், கட்டை மேலை வந்தது. இப்ப ஒரு படத்தை நகர்த்தினால் மற்றது அசையாமல் நிக்குது. "இனி நிண்டென்ன, நிக்காட்டி என்ன!" எண்டு மேசையிலை தலையை வைச்சு அழுதாள்.

ராக்காயி நல்ல சேலை உடுத்து வந்தா. திரையிலை கிடந்த சின்னவன்ரை படத்தைப் பார்த்தவுடனை முகம் மலர்ந்தது. "பெரியவன எம்புட்டு அழகாக் கொண்டு வந்துட்டீங்க! சின்னவன் எங்க?"

சாரங்கா ஒண்டும் ஒளிக்காமல் சொன்னாள். ராக்காயி ஏசேல்லை. ஏசியிருந்தால் சாரங்காவுக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

"நான் திருப்பிக் கீறித் தாறன் அம்மா. எப்பிடி இருந்ததெண்டு காட்டுங்கோ."

ராக்காயி தன்ரை புருவத்திலை விரலை வைச்சுக் காட்டினா. சாரங்கா கீறினாள். "இன்னும் சாஞ்சாப்ல இருக்கும்." அழிச்சுக் கீறினாள். "நடுவுல கொஞ்சம் வீங்கினாப்ல." கீறினாள். "இல்ல, இவ்வளவு வெள்ளை இல்ல." திரும்பவும் கீறினாள். கச்சேரிக்குப் போற பஸ் வாசலாலை போயிட்டுது. ராக்காயி திரும்பிப் பாக்கேல்லை.

"இப்ப சரியோ அம்மா?"

ராக்காயி கிட்ட வந்து, கண்ணாடித் திரையிலை அந்த வெள்ளைக் கோட்டைத் தடவிப் பார்த்தா.

"நல்லாத்தான் இருக்கு புள்ள. ஆனா இது நீங்க வச்சது. நான் வச்சது இல்ல."

"ஐயோ அம்மா, அப்பிடிச் சொல்லாதேங்கோ. இதைக் கொண்டுபோய்க் குடுங்கோ. ஆளைக் கண்டவை அடையாளம் மட்டுக்கட்டுவினம்."

ராக்காயி மாட்டனெண்டு தலையை ஆட்டினா. "அவன் கெடச்சா என் கையால வச்சத வச்சித்தான் கண்டுபிடிப்பேன்னு இருந்தேன். நீங்க போட்ட கோட்ட யாருகிட்ட காட்ட?" சேலைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைச்சா. "ரெண்டு பேரையும் ஒரே சட்டத்துல போட்டுக் குடுங்க. தெவசத்துக்கு ஒரே மாலையாப் போட்டுர்றேன்."